காஸ்டிக் என்று சொல்ல என்ன வெட்கம்?

போன வாரம் எங்கள் குடியிருப்பின் தமிழ் வாட்ஸப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. "வீட்டிலேயே தயாரித்த சோப்பு. கெமிக்கல் கிடையாது. காஸ்டிக் கிடையாது. பிஎச் 5.5. பிறந்த குழந்தைக்கும் போடலாம்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், இதயங்கள், கைகூப்பிய பொம்மைகள். போட்ட பெண்மணியை எனக்குத் தெரியும். கணவருக்கு மாற்றலாகி டில்லி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கெட்டிக்காரர், நல்லவர். அவரிடம் தனியாகப் பேசியாகிவிட்டது. அதனால் முதுகுக்குப் பின்னால் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கதை கடைசியில்.

இதைச் சொல்ல உனக்கென்ன யோக்கியதை, பேங்க்கில் உட்கார்ந்து வவுச்சர் பார்க்கிறவன் தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 ஊரடங்கில் எல்லாரும் டல்கோனா காபி கலக்கிக்கொண்டிருந்தபோது நான் சோப்பு கலக்க ஆரம்பித்தேன். (எங்களுக்கு ஊரடங்கிலும் பிராஞ்ச் உண்டு என்பது வேறு விஷயம்.) அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் குளியல் சோப்பு கடையில் வாங்கியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. இனி சொல்லப்போவது பெருமைக்குரிய விஷயமே அல்ல.

என் முதல் ஈடு சோப்பு ஒரு வீடியோவைப் பார்த்துச் செய்தது. "ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 175 கிராம் காஸ்டிக்" என்றார் அந்த வீடியோக்காரர். நான் மலையாளி கடையில் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து, அப்படியே கொட்டி, 175 கிராம் காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தேன். வெள்ளை வெளேரென்று, கல் மாதிரி, அருமையான கட்டி. பத்தே நாள்தான் ஆகியிருந்தது. பட்டர் பேப்பரில் சுற்றி, சணல் கயிறு கட்டி, மாடிக்கு மாடி கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் மாடித் தஞ்சாவூர் மாமி இரண்டு நாள் கழித்து லிஃப்டில் பார்த்தபோது "சோப்பு ரொம்ப நன்னா இருந்தது தம்பி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாசம் கழித்து அவர் மருமகள் தங்கமணியிடம் சொன்னதுதான் உண்மை. மாமிக்கு இரண்டு கையும் சிவந்து தோல் வெடித்து, ஒரு வாரம் பாத்திரத்தில் கை வைக்க முடியவில்லையாம். என் மனசு கஷ்டப்படும் என்று வீட்டில் யாரையும் சொல்ல விடவில்லையாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். "1 லிட்டர்" என்று பெரிதாகவும், பக்கத்திலேயே "910 கிராம்" என்று சின்னதாகவும் போட்டிருந்தது.

எண்ணெய் தண்ணீரைவிட லேசு. லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல. ஆறாம் வகுப்புப் பாடம். தேங்காய் எண்ணெய் ஒரு கிராம் முழுதாகச் சோப்பாவதற்கு 0.183 கிராம் காஸ்டிக் வேண்டும். 910ஐ அதால் பெருக்கினால் 166 கிராம் சொச்சம். நான் போட்டது 175. எட்டு கிராமுக்கு மேல் காஸ்டிக், சேர எண்ணெய் கிடைக்காமல் அந்தக் கட்டிகளுக்குள் உட்கார்ந்திருந்தது. நாள் முடிவில் ஒரு ரூபாய் டேலி ஆகவில்லை என்றால் வீட்டுக்குப் போக முடியாத உத்தியோகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் செய்த காரியம் இது. அது மட்டுமல்ல, தேங்காய் எண்ணெய் மட்டுமே போட்டுச் செய்த சோப்பு கணக்குச் சரியாக இருந்தாலும் தோலை வறட்டும். பாத்திரம் கழுவ உத்தமம், வயதானவர்கள் தோலுக்கு ஆகாது.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். காஸ்டிக் சோடா இல்லாமல் குளியல் கட்டி சோப்பு கிடையாது. கடைச் சோப்பும் சரி, கைச் சோப்பும் சரி. எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் ஆகும். கணக்குச் சரியாக இருந்தால் கடைசியில் காஸ்டிக் என்று ஒன்று மிச்சமே இருக்காது, முழுதும் செலவாகிவிடும். "எங்கள் சோப்பில் காஸ்டிக் மிச்சமில்லை" என்று சொல்லுங்கள், கைதட்டுகிறேன். "காஸ்டிக்கே போடவில்லை" என்றால் இரண்டில் ஒன்று. வேறு ஒரு ஃபேக்டரியில் காஸ்டிக் போட்டுச் செய்த கிளிசரின் பேஸை வாங்கி, உருக்கி, கலர் போட்டு ஊற்றியிருக்கிறீர்கள். அல்லது பொய் சொல்கிறீர்கள்.

பேஸ் வாங்கி உருக்கி ஊற்றுவதில் தப்பே இல்லை. குழந்தைகளோடு ஞாயிற்றுக்கிழமை செய்ய நல்ல பொழுதுபோக்கு. ஆனால் காஸ்டிக் என்ற வார்த்தையை நாம் மறைக்க ஆரம்பித்ததுதான் புதிதாக வருகிறவர்களின் பாதிப் பிரச்சினைக்குக் காரணம் என்பது என் கட்சி. பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறவன் அதைப் பற்றி யாரிடமும் கேட்க மாட்டான். கேட்காதவன் தப்பான பொருளை வாங்குவான், தப்பாக அளப்பான்.

வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். டில்லியில் இதற்கெல்லாம் இடம் திலக் பஜார். சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி காரி பாவலிப் பக்கம் நடந்தால், மிளகாய்த் தும்மல் அடங்கும் இடத்தில் சென்ட் வாசனை ஆரம்பிக்கும். அதுதான். ஞாயிறு விடுமுறை. பேங்க் ஆசாமிகளுக்கு இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை விட்டால் வழியில்லை. முதல் தடவை போனபோது காஸ்டிக் என்று கேட்கத் தயங்கி, "சாபுன் பனானே வாலா சோடா" என்று வழவழவென்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கிலோ கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வாஷிங் சோடா. துணி துவைக்கிற சோடா எண்ணெயைச் சோப்பாக்காது. சமையல் சோடாவும் ஆக்காது. இரண்டு மணி நேரம் கலக்கினாலும் எண்ணெய் தனி, தண்ணீர் தனி. கடைக்காரர் மேல் தப்பில்லை, நான் கேட்ட லட்சணம் அப்படி. அடுத்த தடவை நேராக "காஸ்டிக் சோடா, சோடியம் ஹைட்ராக்சைடு, குளியல் சோப்புக்கு" என்றேன். "ஃபிளேக்ஸா, பெல்லட்டா?" என்று திருப்பிக் கேட்டார். சுத்த சதவீதம் அச்சடித்த, சீல் உடைக்காத டப்பாவாகக் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூட லேபுக்குச் சாமான் சப்ளை செய்கிற கடைகளிலும் இது கிடைக்கும். சென்னையில் என் மச்சினன் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் வாங்குகிறான்.

சாக்கடை அடைப்பு நீக்குகிற பொடி வேண்டவே வேண்டாம். அதுவும் காஸ்டிக்தானே என்பார்கள். சிலவற்றில் அலுமினியத் துகள் முதல் என்னென்னவோ கலந்திருக்கும். அலுமினியமும் காஸ்டிக்கும் சேர்ந்தால் சூடாகிப் பொங்கும், ஹைட்ரஜன் வாயு வரும். அதே காரணத்தால் வீட்டு இண்டாலியம் சட்டியைத் தொடாதீர்கள். எவர்சில்வர் போதும். வாங்கின காஸ்டிக்கைப் பாதி உபயோகித்துவிட்டு மூடாமல் வைத்தாலும் கெட்டது. காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக் கொழகொழவென்று ஆகும். பிறகு தராசு காட்டுவதில் எவ்வளவு காஸ்டிக், எவ்வளவு ஈரம் என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

தராசு என்றதும் ஞாபகம் வருகிறது. முதலில் வாங்க வேண்டியது அச்சும் இல்லை, சென்ட்டும் இல்லை. ஒரு கிராம் காட்டும் டிஜிட்டல் கிச்சன் தராசு. கப், டம்ளர், ஆழாக்குக் கணக்கு சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது செய்கிற கணக்கைச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் 300 கிராம், ஆலிவ் பொமேஸ் எண்ணெய் 600, விளக்கெண்ணெய் 100. ஆலிவுக்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 148 கிராம் வரும். அதில் 5 சதவீதம் குறைத்து 140 கிராம் காஸ்டிக் போடுகிறேன். அந்த 5 சதவீதம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி நிற்கும். தோலுக்கும் இதம், என் தராசின் பிசகுக்கும் ஈடு. எங்கள் பாஷையில் மார்ஜின். தண்ணீர் 280 கிராம். ஆலிவ் விலை கட்டுப்படியாகாதவர்கள் தவிட்டெண்ணெய் போடலாம். ஆனால் எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். "தேங்காய் எண்ணெய் கொஞ்சம் குறைச்சலா இருந்துது, அதனால நல்லெண்ணெய் ஊத்திட்டேன்" என்பதெல்லாம் சோப்பில் நடக்காது. இணையத்தில் இதற்கென்றே கால்குலேட்டர்கள் இருக்கின்றன, எண்ணெயின் பெயரையும் எடையையும் கொடுத்தால் போதும். அதில் போட்ட பிறகு ஒருதரம் பேப்பரிலும் போட்டுப் பார்ப்பது என் தொழில் புத்தி.

கரைக்கும்போது காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக்கின் மேல் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஜன்னலோரம், ரப்பர் கையுறை, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. அடுப்பே இல்லாமல் தண்ணீர் தொட முடியாத அளவு சூடாகும். குழந்தைகளும் பூனையும் வேறு அறையில். கையில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாதீர்கள், குழாயடியில் கால் மணி நேரமாவது கையைக் காட்டுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே உடனே டாக்டரிடம் போக வேண்டும். பயமுறுத்தவில்லை. கொதிக்கிற எண்ணெயில் தினம் வடை தட்டுகிற ஜாதி நாம், ஜாக்கிரதை நமக்குத் தெரியும். எதற்கு ஜாக்கிரதை என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

டில்லிக்கென்று தனித் தலைவலிகள் உண்டு. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். டிசம்பரில் தலைக்குத் தடவ பாட்டிலை வெந்நீரில் நிற்க வைக்கிற நமக்கு இது புதிதில்லை. ஆனால் சோப்பில் இது ஆளை ஏமாற்றும். எண்ணெயும் காஸ்டிக் தண்ணீரும் சேர்ந்து தோசை மாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியால் இழுத்த கோடு மேலே நின்றால் அச்சில் ஊற்றலாம் என்பது கணக்கு. குளிர்காலத்தில் எண்ணெய் சூடு ஆறி உறைவதாலேயே மாவு கெட்டியாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினேன். மறுநாள் காலையில் மேலே எண்ணெய், அடியில் காஸ்டிக் தண்ணீர். இப்போது எண்ணெயையும் கரைசலையும் 40 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன், அச்சை இரண்டு பழைய கம்பளியில் சுற்றி வைக்கிறேன். பிரிந்துபோனதைக் கொட்ட வேண்டியதில்லை. கையுறையோடு எல்லாவற்றையும், அடியில் நின்ற தண்ணீர் உட்பட, ஒரே எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெல்லச் சூடாக்கிக் கலக்கினால் மறுபடி சேரும். பார்க்க ரவா உப்புமா மாதிரி இருக்கும். குளிக்க ஒரு குறையும் இருக்காது.

மே, ஜூனில் இதற்கு நேர்மாறு. பால், தேன், வெல்லம் என்று சர்க்கரை உள்ளது எதைப் போட்டாலும் சோப்பு தானாகச் சூடேறும். வெளியே 43 டிகிரி, உள்ளே தேன் சோப்பு. நடுவில் வெடித்து எரிமலை மாதிரி வழிந்து என் மேஜையை நாசம் பண்ணியது. போர் தண்ணீரிலும் காஸ்டிக் கரைக்காதீர்கள். இங்கே தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் ஜாஸ்தி. பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கினால் பல ஈடுகளுக்கு வரும்.

அடுத்தது நம்ம மூலிகை மோகம். ஊரிலிருந்து வந்த அம்மா குப்பைமேனி, வேப்பிலை எல்லாம் பச்சையாக அரைத்துக் கொடுத்தார். சோப்பு நாலு நாள் பச்சை, பத்தாம் நாள் பழுப்பு, இரண்டு மாசத்தில் புளித்த வாசனை. பச்சை இலை விழுதுக்குச் சோப்பில் ஆயுசு கிடையாது. உலர்ந்த பொடியை ஒரு ஸ்பூனோ, இலையை எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டியோ போடலாம். எண்ணெயில் ஊறவைத்தாலும் கணக்கில் அது எண்ணெய்தான். மஞ்சள் போட்டால் மஞ்சள் சோப்பு வராது, செங்கல் கலரில் வரும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிற அதே சங்கதிதான். ஆரத்தி கரைத்த எந்த வீட்டுக்கும் இது தெரியும். குளித்ததும் தோல் வியாதி போகும், நிறம் வரும் என்பதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஒரு நிமிஷம் தோலில் இருந்து கழுவிப் போகிற பொருள் அது. அழுக்கு போனால் போதாதா?

சென்ட் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. திலக் பஜாரில் மல்லிகை, சந்தனம், கஸ் என்று நூறு புட்டி வைத்திருப்பார்கள். அகர்பத்திக்கு விற்பது சோப்புக்கு ஆகாது. ஊற்றின அடுத்த நொடி மாவு கரண்டியோடு சேர்ந்து கட்டியாகி நின்றுபோன அனுபவம் உண்டு. சோப்புக்கென்று கேளுங்கள். கேட்டு வாங்கினாலும் முதலில் கால் கிலோ மாவில் பரீட்சை செய்யுங்கள்.

செய்தவுடன் கொடுக்காதீர்கள். இதை எழுதும்போது எனக்கு மாமியின் கைகள்தான் கண்ணில் நிற்கின்றன. காஸ்டிக்கும் எண்ணெயும் சேர்வது இரண்டு மூன்று நாளில் அநேகமாக முடிந்துவிடும். ஆனால் தண்ணீர் வற்றி, கட்டி இறுகி, நுரை மென்மையாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கொடுப்பதற்கு முன் ஈர விரலால் சோப்பைத் தேய்த்து நாக்கு நுனியில் லேசாக வையுங்கள். வெறும் சோப்பு ருசி என்றால் சரி. ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தொட்ட மாதிரி சுரீர் என்றால் காஸ்டிக் மிச்சம் இருக்கிறது, உடனே வாயைக் கொப்பளித்துவிட்டு அந்த ஈடைத் தனியாக எடுத்து வையுங்கள். என் முதல் ஈட்டில் வீட்டில் மிச்சமிருந்த கட்டியை அன்று காலையில் இப்படித்தான் சோதித்தேன். சுரீர் என்றது. சுருக்கென்று மனசிலும் தைத்தது.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940ஆம் வருஷத்துச் சட்டத்தில் சோப்புக்கு இருந்த விலக்கை 1982 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். விற்பனைக்காகத் தயாரிக்க, 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில உரிமம் வேண்டும். உத்யம் பதிவு எண் உரிமம் ஆகாது. ஒருவர் உணவுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரைச் சோப்பில் அச்சடித்திருந்தார். தின்னக் கொடுக்கிறாரோ என்னவோ! 2015இல் முத்ரா வந்த பிறகு, 50,000 வரை சிசு கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களில் சோப்பும் உண்டு. பட்டியலில் அச்சு, பேஸ், சென்ட், பெட்டி, லேபிள் எல்லாம் இருக்கும். உரிமக் கட்டணம் இருக்காது, தராசும் இருக்காது. நான் இரண்டையும் கேட்பேன். முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குழந்தைக்குத் தோல் வெந்தால் அந்தக் கடன் தவணையோடு போகிற சமாச்சாரம் இல்லை.

இப்போது வாட்ஸப் பெண்மணி. தங்கமணியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். பேஸ் வந்த பையை எடுத்துக் காட்டினார். பொருள் பட்டியலில் சோடியம் ஹைட்ராக்சைடு என்று தெளிவாகவே போட்டிருந்தது. "அப்படின்னா என்னங்க அண்ணா?" என்றார். சொன்னேன். முகம் வாடிவிட்டது. பிறகு அவர் சமையலறையிலேயே ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியைத் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் துணியில் தடவி, அதன் மேல் அவர் சோப்பை ஈரமாகத் தேய்த்தேன். சாம்பார்க் கறை பட்ட வேட்டியில் சோப்பு போட்டால் சிவக்குமே, அப்படிச் சிவந்தது. காரம் பட்டால்தான் மஞ்சள் சிவக்கும். நிஜ சோப்பு எல்லாமே 9, 10 பிஎச்தான். 5.5 என்று சொல்கிற கட்டிகள் சோப்பு வகையே இல்லை, வேறு சலவைப் பொருளில் செய்தவை. குளியலறையிலிருந்து என் சோப்பையும் கொண்டுவரச் சொல்லித் தேய்த்துக் காட்டினேன். அதுவும் சிவந்தது. "உங்களுதும் இப்படித்தானா?" என்று சிரித்தார்.

அன்று சாயங்காலமே விளம்பரத்தை மாற்றிவிட்டார். 5.5 போய்விட்டது, பிறந்த குழந்தையும் போய்விட்டது. "கெமிக்கல் கிடையாது" மட்டும் இன்னும் இருக்கிறது. அடுத்த இரண்டாவது சனிக்கிழமை திலக் பஜார் போகும்போது தன்னையும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். தராசு அவரே ஆர்டர் செய்துவிட்டாராம்.